மொட்டை மாடியில் எட்டு வருடம்: முன்னறிவிப்பை நம்பி வடகம் போட்ட அனுபவம்

வேப்பம்பூ வடகத்துக்கு மூன்று நாள் வெயில் வேண்டும். முதல் நாள் காயாவிட்டால் உளுந்து புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டாம் நாள் நனைந்தால் அள்ளிக் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கொழும்பு வெள்ளவத்தையில், கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு மொட்டை மாடியில் வடகமும் மோர் மிளகாயும் காயவைத்து விற்பதுதான் என் தொழில். 2018இல் தொடங்கினேன். உளுந்தை ஊறப்போடுவதா வேண்டாமா என்று இரவு ஒன்பது மணிக்கு முடிவெடுக்க வேண்டும். ஊறிய உளுந்தைத் திரும்பக் காயவைக்க முடியாது. அதனால் எட்டு வருடமாக அந்த நேரத்தில் வானிலை பார்க்காத நாள் இல்லை.

பார்ப்பவை மூன்று: வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை, கைப்பேசியோடு வந்த ஒரு செயலி, காற்றும் மழையும் நிறம் நிறமாக நகரும் விண்டி வரைபடம். நான்காவது என் மாமி. யாழ்ப்பாணத்தில் கடற்கரையோரம் வளர்ந்தவர். சோழகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஒரு கொப்பியில் இந்த நால்வரும் சொன்னதையும் மறுநாள் நடந்ததையும் எழுதி வருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகிறது, மூன்று நாளில் மழை வருகிறது என்று வரைபடம் சொன்னால், அந்த மூன்று நாளும் நான் உளுந்துக் கடைப் பக்கமே போவதில்லை. பெரிய மழைகளில் அது என்னை ஏமாற்றியது மிகக் குறைவு. ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து 1975இல் அமைத்த நடுத்தரகால முன்னறிவிப்பு மையத்தின் கணிப்பும் விண்டியில் வருகிறது. பத்து வருடத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இந்தத் துறை முன்னேறியிருக்கிறது என்பார்கள். அதாவது பத்து வருடத்துக்கு முன் மூன்றாம் நாளுக்கு இருந்த துல்லியம் இப்போது நான்காம் நாளுக்கு இருக்கிறது. ஒரு நாள் கூடுதலாகத் தெரிவது என்னைப் போன்றவளுக்கு ஒரு மூடை உளுந்தின் விலை.

ஏப்ரல் மாதம் வேறு கதை. காலையில் கண் கூசும் வெயில், காற்றே இருக்காது. மதியத்துக்குப் பின் கடல்காற்று உள்ளே போய் நிலத்துச் சூட்டோடு மோத, கிழக்கே முகில் கோபுரமாக எழும். அது நம் தலைக்கு மேல் வருமா, கோட்டைப் பக்கம் போகுமா என்பது நான்கு மணிவரை யாருக்கும் தெரியாது. வெள்ளவத்தையில் கொட்டும்போது பொரளையில் தூசு பறக்கும். ஒரு ஏப்ரலில் என் செயலி மாலைவரை முழுச் சூரியனைக் காட்டிக்கொண்டே இருந்தது. நான் கீழே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி ஓடியபோது ஆறு சுளகும் நிறைய வடகம் கஞ்சியாகக் கரைந்து மாடிக் குழாயை அடைத்திருந்தது. கைப்பேசியில் அப்போதும் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி என்று பிறகுதான் விளங்கியது. கணினிக் கணிப்பு வளிமண்டலத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. அந்த ஐரோப்பிய மையத்தின் பெட்டியே ஏறத்தாழ 9 கிலோமீற்றர் அகலம். கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடலாம். ஏப்ரல் முகிலோ சில கிலோமீற்றர்தான். செய்மதிப் படம் முகிலின் உச்சியைக் காட்டும், வயிற்றுக்குள் எவ்வளவு தண்ணீர் என்பதைக் காட்டாது. அடுத்த இரண்டு மணி நேரத்தைச் சரியாகச் சொல்ல, அலை அனுப்பி முகிலுக்குள் இருக்கும் மழையைப் பார்க்கும் ராடார் வேண்டும். புத்தளத்திலும் பொத்துவிலிலும் டொப்ளர் ராடார் அமைக்க ஜப்பானுடன் 2017இல் உடன்பாடு ஆனது. நான் முதல் வடகம் தட்டியதற்கு முந்திய வருடம் அது. என் ராடார் இன்றும் மாமிதான். "பிள்ளை, கடல் இரைகிற விதம் சரியில்லை, சுளகை எடு" என்றால் எடுத்துவிடுவேன். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அவர் அநேகமாகப் பிழைப்பதில்லை. ஏப்ரல் இடிமழையில் அவரும் தோற்பார், ஏனென்றால் அது கடலிலிருந்து வருவதில்லை.

சதவீதத்துக்குப் பழக இரண்டு வருடம் பிடித்தது. 'மழைக்கு 40 சதவீதம்' என்றால் நழுவல் பேச்சு என்று நினைத்திருந்தேன். தொடக்க அளவுகளைச் சிறிது சிறிது மாற்றி ஒரே கணிப்பை ஐம்பது தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள். எத்தனையில் மழை வருகிறது என்பதிலிருந்து அந்த எண் பிறக்கிறது. தொடக்கத்தில் உள்ள சின்னப் பிழை வளர்ந்து முழுக் கணக்கையும் விழுங்கிவிடும் என்று அமெரிக்க வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரென்ஸ் 1963இலேயே காட்டிவிட்டார். மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்று நம்மவர்கள் அதற்கு முன்பே சொல்லிவைத்தார்கள், கணக்கு மட்டும் போடவில்லை. இப்போது என் வீட்டுச் சட்டம் இது: 20ஐத் தாண்டினால் உளுந்து ஊறாது. துணி காயப்போட 60வரை துணிவேன், நனைந்தால் மறுபடி பிழிந்தால் போயிற்று. மோர் மிளகாய் இரண்டுக்கும் நடுவில். மழை வந்தால் தயிருக்குள்ளேயே இன்னொரு நாள் கிடக்கும். எண் எல்லாருக்கும் ஒன்றுதான், இழப்பு ஆளுக்கு ஆள் வேறு. இதை எந்தச் செயலியும் என்னிடம் கேட்டதில்லை. 'நீ என்ன காயவைத்திருக்கிறாய்?' என்று கேட்கும் செயலி வந்தால் காசு கொடுத்தாவது வாங்குவேன்.

செயற்கை நுண்ணறிவுக் கணிப்பையும் ஒரு வருடமாகப் பார்க்கிறேன். பல பத்தாண்டு வானிலைப் பதிவுகளைப் படித்துப் பழகிய கணினி, பெருங்கணினி மணிக்கணக்கில் செய்வதை நிமிடங்களில் செய்கிறது. 2023இல் கூகிளின் கிராப்காஸ்ட் பேசப்பட்டது. 2025 பெப்ரவரியில் அந்த ஐரோப்பிய மையமே தன்னுடையதை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. புயல் போகும் பாதையில் இவை கெட்டிக்காரர்கள். ஆனால் பெட்டி ஏறத்தாழ 28 கிலோமீற்றர். சராசரிப் பிழையைக் குறைக்கப் பழக்கப்பட்டதால் கொட்டும் மழையைச் சற்று மழுப்பிவிடுகின்றன. என் மாடிக்கு இன்னும் உதவவில்லை. பெருங்கணினி வாங்க முடியாத நாடுகளுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

வடகத்தை விடுங்கள், உயிர் போகும் இடத்துக்கு வருகிறேன். என் மச்சாள் வெல்லம்பிட்டியில் இருக்கிறாள். 2016 மே வெள்ளத்தில் அவளுடைய வீட்டுக் கூரை மட்டும்தான் தெரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்த நாட்களில் கொழும்பில் மழை விட்ட பிறகுதான் களனி ஆறு ஏறியது. மலையில் பெய்த மழை, சிவனொளிபாத மலைப் பக்கமிருந்து 145 கிலோமீற்றர் ஓடி வருகிறது. என் செயலியில் அப்போது குடை அடையாளம்கூட இல்லை. நான் பார்த்தது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று அளவு: கொழும்பு நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி என்றால் சிறுவெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். எண் ஏற ஏற மச்சாளுக்குச் சொன்னேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பத்திரங்களோடு ஒரு நாள் முன்னதாகவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதே கிழமை ஓர் அலுவலகத்தின் எச்சரிக்கை சிங்களத்தில் மாலை வந்தது, தமிழில் மறுநாள் காலை. இடையில் ஓர் இரவு. சிங்களம் வாசிக்கத் தெரிந்ததால் நான் தப்பினேன், வாசிக்கத் தெரியாதவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். வந்த தமிழிலும் '100 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழைவீழ்ச்சி' என்றிருந்தது. பக்கத்து வீட்டு ஐயா அது விரல் அளவா, முழ அளவா என்று கேட்டார். எங்கள் மாடி 60 சதுர மீற்றர். அதில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 6,000 லீற்றர், ஆயிரம் லீற்றர் தாங்கி ஆறு நிறையும் என்றேன். உடனே எழுந்து போய் வாசல் வடிகானைத் தோண்டத் தொடங்கினார்.

மூன்று மாத முன்னறிவிப்புப் பற்றிச் சுருக்கமாக: பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருடங்களில் ஒக்டோபர் முதல் டிசம்பர்வரை நமக்கு மழை கூடும் போக்கு உண்டு. அப்படி அறிவித்தால் தீபாவளிக்கு முந்திய சரக்கைச் செப்டெம்பரிலேயே முடித்துவிடுகிறேன்.

இன்றிரவு திணைக்களம் 'மேல் மாகாணத்தில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்' என்கிறது. வரைபடத்தில் 30 சதவீதம். மாமி கடலைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டார். உளுந்து இன்னும் மூடைக்குள்தான் இருக்கிறது.