கை மட்டும் தூங்கிய கதை

கல்யாணம், குலதெய்வம், அல்வா எல்லாம் நல்லபடியாக முடிந்தன, அதை எழுதப்போவதில்லை. நெல்லைக்கு வந்த நாலாம் நாள் பின்கட்டில் பாசி வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷன் தியேட்டர் என்றார்கள், லண்டன் கார்டு வேலை செய்யவில்லை, உடைந்த கையைத் தாங்கிப் பிடித்தபடி கவுண்டரில் இருபது நிமிடம் சண்டை போட்டேன், கடைசியில் தம்பி கட்டி ரசீது வாங்கினான்.

அந்தக் கடுப்பெல்லாம் மயக்க டாக்டரம்மா வந்ததும் போய்விட்டது. "முழு மயக்கம் எதுக்கு சார், கையை மட்டும் மரக்க வச்சிருவோம்" என்று கழுத்தடியில் காறை எலும்புக்கு மேலே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியை வைத்தார். பக்கத்துச் சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற அறிவிப்பு! என் கழுத்தில் என்ன இருக்கப்போகிறது? எந்த ஸ்கேன் கருவிக்கும் அந்தச் சட்டப்படி பதிவு வேண்டுமாம்.

திரையில் துடிக்கும் ரத்தக்குழாயை ஒட்டித் திராட்சைக் குலை மாதிரி நரம்புகள். கழுத்தில் ஐந்து வேராகக் கிளம்பிக் கைக்குப் போகிற கொத்து அது. வலிச் செய்தி நகர வேண்டுமென்றால் நரம்புக்குள் சோடியம் பாய வேண்டும், மருந்து நரம்புக்குள் புகுந்து அந்தக் கதவை உள்பக்கமாக அடைத்துவிடும் என்றார். சீக்கிரம் பிடிக்க லிக்னோகைன், நெடுநேரம் நிற்க புபிவகைன். ரத்தக்குழாய்க்குள் போனால் இதயத்துக்கே ஆபத்து என்பதால், ஒவ்வொரு தடவையும் ஊசியைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துத்தான் மருந்தைச் செலுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் ஸ்பிரிட் பஞ்சு குளிரவில்லை, ஆனால் தொடுவது தெரிந்தது. அப்புறம் அதுவும் போய், கையைத் தூக்கச் சொன்னால் யாரோ மறந்துவிட்டுப்போன மரக்கட்டை மாதிரி கிடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கண்ணை மூடினால் கை மார்பின் மேல் மடங்கி இருப்பதுபோலவே இருந்தது, திறந்து பார்த்தால் பலகையில் நீட்டிக் கிடந்தது. டிரில் சத்தம் கேட்டது, இழுப்பது தெரிந்தது, வலி மட்டும் இல்லை.

லண்டனில் தோளுக்கு இதே மாதிரி ஊசி போட்டபோது நாலு பக்கத் துண்டறிக்கை கொடுத்தார்கள், வாயைத் திறந்து யாரும் விளக்கவில்லை. இங்கே தலைகீழ். துண்டறிக்கை எதற்கு என்று நானும் அன்று மாலை தம்பியிடம் பீற்றிக்கொண்டேன்.

ராத்திரி ஒரு மணிக்கு விரல் நுனியில் சுருக்கென்றது. அப்புறம் அணை உடைந்த மாதிரி மொத்த வலியும் ஒரே மூச்சில். பத்து மணிக்கே ஷிஃப்ட் மாறியிருந்தது. புது சிஸ்டர், "மரப்பு விடறதுக்கு முன்னாடியே மாத்திரை போடணுமே, டாக்டர் எழுதித் தரலையா?" என்றாள்.

தந்திருக்கிறார். கையில் கிடைத்த முன்பண ரசீதின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார். அது தம்பியின் சட்டைப் பையில், தம்பி பாளையங்கோட்டையில் நல்ல தூக்கத்தில்.