தரையிறங்கிய பின் டாக்ஸி: ஒரே இன்ஜினா, இரண்டுமா?

விமானம் தரையில் ஊர்ந்து கேட்டுக்கு (நிறுத்துமிடத்துக்கு) போவதுதான் டாக்ஸி. ஓடுபாதையை விட்டு முழுதாக விலகும்வரை இரண்டு முறைக்கும் வேறுபாடில்லை. ஃபிளாப்பை (இறக்கையின் பின்பக்கம் நீளும் தகடுகளை) மடக்குவதுகூட அதன் பிறகுதான்.

ஏர்பஸ் ஏ320-இல் ஒரு இன்ஜின் ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில் சும்மா ஓடும்போது) நிமிடத்துக்குச் சுமார் 5-6 கிலோ எரிபொருள் குடிக்கும். பத்து நிமிட டாக்ஸியில் ஒன்றை அணைத்தால் நல்ல மிச்சம். ஏபியு (மின்சாரம் தரும் சிறிய துணை இன்ஜின்) ஓடினால் அதில் கொஞ்சம் கழியும். உந்துவிசை குறைவதால் பிரேக்கை அடிக்கடி மிதிக்கவும் வேண்டாம்.

ஆனால் இறங்கியதும் அணைக்க முடியாது. இன்ஜினின் சூடு தணிய சுமார் 3 நிமிடம் ஐடிலில் ஓட வேண்டும். கேட் பக்கத்திலேயே இருந்தால் இந்த முறைக்கு அர்த்தமே இல்லை. வழக்கமாக அணைப்பது 2-ஆம் இன்ஜினை. ஏனென்றால், சாதாரண பிரேக்கை இயக்கும் 'பச்சை' என்ற ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) அமைப்புக்கு அழுத்தம் தருவது 1-ஆம் இன்ஜின்.

சிக்கல் திருப்பத்தில்தான். ஓடும் இன்ஜின் பக்கம் திரும்பும்போது நடுவில் நின்றுவிட்டால், மறுபடி நகர்த்த உந்துவிசையைக் கூட்ட வேண்டும். பின்னால் ஆட்கள் இருந்தால் இன்ஜின் வீசும் காற்றே ஆபத்து. ஏற்றமோ வழுக்கும் தரையோ என்றால், என் கணக்கில் இரண்டும் ஓடட்டும்.

கேட்டில் ஏபியுவின் பச்சை விளக்கைப் பார்க்காமல் கடைசி இன்ஜினை அணைத்தால் கேபின் இருண்டுவிடலாம்.