ஹிமெஜியா, ஒசாகாவா: ஜப்பானில் எந்தக் கோட்டையைப் பார்ப்பது?

ஒசாகா கோட்டையின் கோபுரத்துக்குள் மின்தூக்கி இருக்கிறது; ஹிமெஜியிலோ காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும். இவ்விரு கோட்டைகளுக்கும் இடையிலான வேறுபாடு இங்கிருந்தே தொடங்குகிறது.

ஹிமெஜியின் தலைமைக் கோபுரம், சிற்றரசர் இகெடா தெருமாசா 1609இல் கட்டி முடித்த அதே மரக்கட்டடம். 1945 விமானத் தாக்குதல்களில் சுற்றியிருந்த நகரம் எரிந்தபோதும் தப்பிப் பிழைத்த அது, 1993இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஒசாகாவில் இன்று காணும் கோபுரம், நகர மக்களின் நன்கொடையால் 1931இல் கான்கிரீட்டில் எழுப்பப்பட்டது. சிதறிக் கிடந்த ஜப்பானை ஒன்றிணைத்த தளபதி டொயொடோமி ஹிடெயோஷி 1583இல் கட்டத் தொடங்கிய கோட்டை 1615 போரில் அழிந்தது. அந்தப் போரில் ஹிடெயோஷியின் குலத்தை வென்ற தொகுகாவா ஆட்சியினர் பின்னர் எழுப்பிய கோபுரமும் 1665இல் மின்னல் தாக்கி எரிந்துபோனது.

ஆயினும் ஒசாகாவைப் போலி என்று ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு. அங்கே பழமை கோபுரத்தில் இல்லை, கல்லில் இருக்கிறது. செட்டோ உள்நாட்டுக் கடலின் தீவுகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் சிற்றரசர்களைக் கொண்டு தொகுகாவா ஆட்சியினர் வரவழைத்த பாறைகளால் ஆன அந்த மதில்களில், சகுரா வாயிலுக்குள் நிற்கும் ஒரு கல்லின் எடை மட்டும் ஏறத்தாழ 108 டன் என மதிப்பிடப்படுகிறது. ஹிடெயோஷியின் மதில்கள் மண்ணுக்கடியில் புதைந்துவிட்டதால், அவர் புகழ் பாடும் கோட்டையைச் சூழ்ந்து நிற்பவை அவர் குலத்தை அழித்தவர்களின் கற்களே. கோபுரத்துக்கு விரையும் கூட்டம் இவற்றை ஏறிட்டும் பாராமல் கடப்பதுதான் வியப்பு.

ஹிமெஜியின் சிறப்பு அதன் வழியில் உள்ளது. கோபுரம் கண்ணெதிரே தெரிந்தாலும், வாயிலுக்கு வாயில் பாதை திரும்பி வளைந்து நம்மை விலக்கிக்கொண்டே போகிறது. வெண்சுதை பூசிய சுவர்களில் அம்பும் துப்பாக்கியும் நீட்டுவதற்கான வட்ட, முக்கோண, சதுரத் துளைகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. எனினும் கோபுரத்தின் அறைகள் பெரும்பாலும் வெறுமையானவை. கதை கேட்க விரும்புபவருக்கு, ஹிடெயோஷியின் வாழ்வையும் 1615 போரையும் விளக்கும் ஒசாகா அருங்காட்சியகமே நிறைவு தரும்.

ஒன்றுக்குத்தான் நேரம் உண்டெனில் நான் ஹிமெஜியையே சொல்வேன். ஷின் ஒசாகா ரயில் நிலையத்திலிருந்து ஷின்கன்சென் அதிவேக ரயிலில் அரை மணி நேரப் பயணந்தான். முழங்கால் வலியுள்ள முதியவர்கள் உடன் வந்தால் தயங்காமல் ஒசாகாவுக்குச் செல்லலாம். ஹிமெஜிக்குக் காலையில் கோட்டை திறந்தவுடன் போய்விடுவது நல்லது. கூட்டம் சேர்ந்துவிட்டால், படியில் முன்னே செல்பவர் நின்றதும் பின்னால் வருபவர் அனைவரும் நிற்க நேரிடும்.