கையில் குத்திய பழைய பச்சையை லேசரில் அழிப்பதா, மேலே வரைந்து மறைப்பதா?

கல்லூரிக் காலத்தில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, தெருவோரம் மெஷினோடு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் முன்கையில் இரண்டு எழுத்துகள் குத்திக்கொண்டேன். இரண்டாவது எழுத்துக்கு உரியவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் ஆயிற்று. எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்ததும் கை மறைத்த சட்டைக்கு வந்துவிட்டேன்.

வலியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். இரண்டும் வலிக்கும். தாளிக்கும்போது கையில் எண்ணெய் தெறிப்பது மாதிரி லேசர். ஊசி எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நான் மேலே வரைந்துகொண்டேன், ஆனால் நேராகப் போய் அல்ல. பலர் நினைப்பதுபோல இது சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை கிடையாது. பழைய மை, புது மை இரண்டும் தோலின் ஒரே அடுக்கில்தான் கிடக்கும், கலந்துதான் வெளியே தெரியும். கருநீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றினால் அழுக்குப் பச்சைதான் கிடைக்கும். அதனால் மறைக்கிற படம் பழையதைவிடக் கறுப்பாகவும் பெரிதாகவும் இருந்தாக வேண்டும். எனக்கு முதலில் ஸ்டென்சில் ஒட்டிக் காட்டியது ஆறு அங்குலப் பருந்து. இரண்டு அங்குல எழுத்துக்கு!

“சின்னதா போட்டா எழுத்து எட்டிப் பாக்கும்ணே” என்றார் டாட்டூ போடும் தம்பி. போட்டோவைப் பார்த்த அம்மா, “பழசே கொள்ளாம் மக்கா” என்று முடித்துவிட்டாள்.

அப்புறம் அவரே சொன்ன வழிதான், முதலில் லேசரில் இரண்டு சிட்டிங் கொடுத்து மையை வெளிற வைப்பது. லேசர் மையைப் பொடியாக்கும், அந்தப் பொடியை உடம்பு பையப் பைய அள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் சிட்டிங்குக்கு நடுவே ஆறிலிருந்து எட்டு வாரம் விடுகிறார்கள். நம் நிறத்துக்கு வெயில் சேர்ந்தால் திட்டு விழும் என்பதால் ஆனி, ஆடிச் சாரலில் முடித்துக்கொண்டேன். பிறகு நாலு அங்குலத்தில் ஒரு தாமரை இலை, பக்கத்தில் மொட்டு. இலை நரம்புக்குள் எழுத்து ஒளிந்துகொண்டது.

இவ்வளவு பொறுமை எதற்கு என்றால், மறைத்தபின் பிடிக்காவிட்டால் திரும்பி வருவது கஷ்டம். இரட்டை மையை அழிக்கச் சிட்டிங்கும் காசும் கூடும். படத்தில் வெள்ளை மை இருந்தால் லேசர் பட்டுக் கறுத்துப்போவதும் உண்டு. லேசரில் ஆரம்பித்தவருக்கு இந்தச் சிக்கல் இல்லை, பாதியில் நிறுத்தி வரைந்துகொள்ளலாம்.

முழுசாக அழித்தவர்களில் எனக்குத் தெரிந்தது அத்தை மகன் ஒருவன்தான். ஆறு சிட்டிங், இப்போதும் உற்றுப் பார்த்தால் வெளிறிய நிழல் தெரிகிறது. என்னுடையது வெறும் கறுப்பு மை. கலர் டாட்டூவுக்கோ தடித்த தழும்புக்கோ என் அனுபவம் பொருந்தாது. ராணுவத்துக்கு முயல்கிறவர்களுக்கு மறைப்பது உதவாது, பச்சை எங்கே இருக்கலாம் என்று அங்கே விதி இருக்கிறது.

ரத்தம் கொடுக்கிற பழக்கம் இருந்தால், புதிதாகப் பச்சை குத்தியபின் ஒரு வருடத்துக்கு எடுக்க மாட்டார்கள். முகாமில் வரிசையில் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.