டர்போ வண்டி, 9 மாதம், 26,000 கிலோமீட்டர்: மைலேஜ் பற்றி மட்டும்

போன வாரம் நண்பன் ஃபோன் பண்ணிக் கேட்டான்: "டேய், நானும் டர்போ எடுக்கலாம்னு இருக்கேன். ஹைவேல என்னடா மைலேஜ் தருது?" ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். வாய் வரவில்லை. என் நோட்டில் லிட்டருக்கு 21.3 கிலோமீட்டரும் இருக்கிறது, 14.8-ம் இருக்கிறது. அதே வண்டி, அதே சாலை, ஓட்டியதும் நான்தான். அரை மணி நேரம் பேசியும் அவனுக்கு முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், 6 கியர் மேனுவல். டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் ஒரு சின்ன விசிறி. மற்ற விவரமெல்லாம் தேடினால் கிடைக்கும், அதற்குள் போகவில்லை. வேலைக்குப் போக 64 கிலோமீட்டர், வர 64. அதில் ஐம்பதுக்கு மேல் நேரான நான்கு வழிச்சாலை. ஃபுல் டேங்க் போட்டு, முதல் ஆட்டோ கட்டிலேயே நிறுத்தி, கிலோமீட்டரையும் லிட்டரையும் அங்கேயே நோட்டில் எழுதிவிடுவேன். கூடியவரை அதே பங்க், அதே பம்ப். கட் ஆன பிறகு "ரவுண்டா போட்டுடலாமா" என்று கேட்டால் வேண்டாம் என்பேன். அந்த அரை லிட்டர் கணக்கையே கெடுத்துவிடும். இதுவரை 40 முறை எழுதியாகிவிட்டது. வண்டியின் திரை காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம். என் வண்டியில் திரை 19.4 என்றால் நோட்டில் 18.2 வரும். கிட்டத்தட்ட எப்போதும் இதே விகிதத்தில் கூட்டித்தான் காட்டுகிறது.

நண்பனுக்கு நான் முதலில் சொன்னது வேகக் கணக்கு. மணிக்கு 90-ல் நிதானமாகப் போன வாரங்களில் 21-க்கு மேல். 95-ல் ஏறக்குறைய 20. 115-ல் போனால் 15.5-ஐத் தாண்டியதே இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். 90-லிருந்து 110-க்குப் போனால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய பாதி அளவு கூடிவிடுகிறது. என்ஜின் கொடுக்க வேண்டிய பவர் இன்னும் வேகமாக ஏறும், அது மும்மடிக் கணக்கு. இது எல்லா வண்டிக்கும் பொது. ஆனால் டர்போ வண்டியில் இதோடு இன்னொன்று சேர்கிறது. என் புலம்பல் முழுக்க அதைப் பற்றித்தான்.

வாங்கி இரண்டு மாதம் வரை எனக்கே பிடிபடவில்லை. ஒரே வேகத்தில் போனதாக நினைத்த இரண்டு வாரங்களில் ஒன்றில் 19.6, இன்னொன்றில் 17.1. டயர் காற்று சரி, ஏசி ஒரே மாதிரி, ஆளும் நான் ஒருவன்தான். கடைசியில் ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்க இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகுகிற சின்னக் கருவி ஒன்றை வாங்கி, ஃபோனை டேஷ்போர்டில் மாட்டி, இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது என்ஜினுக்குள் காற்று போகும் குழாயின் அழுத்தத்தை மட்டும் பெரிய எழுத்தில் ஓடவிட்டேன். அன்றைக்குத்தான் இந்த வண்டி எனக்குப் புரிந்தது.

வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 100 கிலோபாஸ்கல். திரையில் எண் அதற்குக் கீழே இருந்தால் என்ஜின் தானாகவே மூச்சு இழுக்கிறது. 100-ஐத் தாண்டினால் டர்போ ஊதுகிறது. வண்டி சும்மா நிற்கும்போது 35. சமதளத்தில் 90-ல், ஆறாவது கியரில், எண் 68-க்கும் 72-க்கும் நடுவே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. 115-க்கு ஏற்றினேன். 104. அதாவது சமதளத்திலேயே டர்போ வேலைக்கு வந்துவிட்டது. அடுத்து ஒரு மேம்பாலம். ஏற்றம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, காலையும் நான் அழுத்தியதாக நினைவில்லை. எண் 145-க்குப் போய், உச்சி தாண்டியதும் இறங்கியது. எதிர்க்காற்று அடித்த ஒரு மாலையில் 115-ஐப் பிடித்து வைக்க மட்டுமே 120, 125 என்று நின்றது.

பூஸ்ட், அதாவது டர்போ ஊதும் அந்தக் கூடுதல் அழுத்தம், வந்தாலே பெட்ரோல் வீண் என்று சிலர் சொல்வதில் உண்மை இல்லை. பவர் கேட்டால் எந்த என்ஜினும் பெட்ரோல் குடிக்கும். மிதமான பூஸ்டில் டர்போ என்ஜின் நன்றாகவே வேலை செய்கிறது. சிக்கல் அதற்கு மேலே போகும்போது. அழுத்திய காற்று சூடாகும், நாக்கிங் வரப் பார்க்கும், அதாவது பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிக்கப் பார்க்கும். அதைத் தடுக்க கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், அங்கே திறன் குறையும். டர்போ என்ஜினில் கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது சிலிண்டர் காற்றை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதை, பொதுவாகக் குறைத்தே வைப்பதும் இதற்காகத்தான். என் பழைய டர்போ இல்லாத 1.5-ல் அது 11.5, இதில் 10. இன்னும் மிதித்தால், டர்போவில் சூடான புகை சுழற்றும் சக்கரமான டர்பைன் வெந்துவிடாமல் இருக்கக் கூடுதல் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கு. இப்படித் தெளிக்கும் கூடுதல் பெட்ரோலின் முக்கிய வேலை குளிர்விப்பதுதான். வண்டியை ஓட்டுவதற்கு அதில் பெரும்பகுதி உதவாது.

ஆக, ஒரே பானட்டுக்குள் இரண்டு என்ஜின் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சிக்கனமான 1.0. மற்றது பசியெடுத்த பெரிய என்ஜின். எது ஓடுகிறது என்று ஓட்டுகிறவனுக்குச் சொல்ல வேண்டுமா இல்லையா? என் வண்டியில் பூஸ்ட் காட்டும் மீட்டர் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு பச்சை இலை. மெதுவாக ஏற்றினால் இலை எரியும், மிதித்தால் அணையும். 115-ல் எண் 104-ல் நிற்கும்போதும் இலை எரிகிறது. எதிர்க்காற்றில் எண் 125-ல் நின்றபோதும் எரிந்தது. எதைப் பார்த்து எரிகிறது என்று 9 மாதமாகியும் எனக்குத் தெரியவில்லை. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ளேயே இருக்கிறது. அது இல்லாமல் என்ஜின் சரியாக ஓடாது. இருக்கிற எண்ணைத் திரையில் ஒரு கோடாக வரைந்தால் போதும், அதைச் செய்யவில்லை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறேன் என்றால், அந்தக் கோடு இருந்திருந்தால் எனக்கு ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும். 14,000 கிலோமீட்டர் வாக்கில் மைலேஜ் மெல்ல இறங்க ஆரம்பித்தது. 18.4, 17.5, 16.8, அப்புறம் 16.1. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், பெரிய மாற்றமில்லை. பிக்கப்பில் ஏதோ ஒரு தயக்கம். மூன்றாவது கியரில் ஏற்றும்போது மெல்லிய "உஸ்" சத்தம். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, "எரர் கோட் எதுவும் இல்ல சார், வண்டி நார்மல். டிரைவிங் ஸ்டைல்தான்" என்றார்கள். நோட்டைக் காட்டினேன். புரட்டிக்கூடப் பார்க்காமல் மூடிக் கொடுத்தார்கள். இரண்டாவது முறையும் அதே பதில். இரண்டு முறையும் வண்டியை நன்றாகக் கழுவித்தான் கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவது முறை வேறு ஒரு வயதான மெக்கானிக். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. பானட்டைத் திறந்து, டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு மூட்டில் விரல் நின்றது. எடுத்துக் காட்டினார். நுனியில் பழுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிய தூசி. "காத்து இங்கதாங்க போகுது" என்றார். குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தது. அழுத்திய காற்று அந்த வழியே கசிய, ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருந்தது. இந்தச் சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுவரை போகக்கூடியவை. அந்தக் கூடுதல் உழைப்புக்கான கூலியைப் பெட்ரோலில்தான் கொடுத்திருக்கிறேன். புது கிளாம்ப் போட்டுப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அடுத்த டேங்க் 18.3.

திரையில் பூஸ்ட் தெரிந்திருந்தால் "எண் ஏன் வழக்கம்போல இல்லை" என்று முதல் வாரமே கேட்டிருப்பேன். ஓபிடி கருவி கையில் இருந்தும், அப்போது அதைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கம்பெனி சொன்ன மைலேஜ் பொய்யா என்று நண்பன் கேட்டான். பொய் என்று சொல்ல மாட்டேன். மைலேஜை அளக்கப் பல நாடுகளில் வைக்கும் டபிள்யூஎல்டிபி சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 நிமிடம், 23 கிலோமீட்டர் சொச்சம், சராசரி வேகம் மணிக்கு 46.5. இடையில் 131 வரை தொடுவார்கள், ஆனால் தொட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். பெரும்பகுதி நேரம் அந்தச் சிக்கனமான 1.0 மட்டுமே ஓடும் சோதனை அது. நாள்தோறும் 115-ல் அரை மணி நேரம் போகிறவனின் கணக்கு அதில் எப்படி வரும்?

இனி நல்லதைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வண்டிக்கு அநியாயம் செய்தவனாவேன். பழைய 1.5-ல் 90-ல் எவ்வளவு பொறுமையாகப் போனாலும் 18.5-ஐத் தாண்டியதில்லை. இது 21. அதைவிட எடை கூடிய வண்டி, பெரிய வண்டி. 80-ல் லாரிக்குப் பின்னால் மாட்டி, வழி கிடைத்ததும் மிதித்தால், கியரைத் தொடாமலே ஒரு தள்ளு வருகிறது பாருங்கள், பழைய வண்டியில் நான்காவதுக்கு இறக்கி என்ஜினைக் கத்தவிட்டுத்தான் அது கிடைக்கும். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூட்டிலிருந்து வேலை வாங்கலாம் என்று ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஹி காப்புரிமை வாங்கியது 1905-ல். அவருடைய யோசனை இன்றைக்கு என் வலது பாதத்துக்கு அடியில் இருக்கிறது. இதில் எனக்கு நிஜமான சந்தோஷம் உண்டு. சில காலைகளில் காற்று இல்லாமல், சாலை காலியாக, எண் 70-லேயே நின்றுகொண்டிருக்கும். 64 கிலோமீட்டரும் அப்படியே ஓடும். அந்த நாட்களில் இதைவிட நல்ல வண்டி எனக்குத் தேவையில்லை என்றே தோன்றும்.

ஓட்டுவதில் நான் மாற்றிக்கொண்டது கொஞ்சம்தான். ஏற்றத்தில் வேகத்தைப் பிடித்து வைக்காமல் ஐந்தாறு கிலோமீட்டர் இறங்கவிடுகிறேன், இறக்கத்தில் அது தானாகத் திரும்பி வந்துவிடும். மேடு பள்ளமான இடத்தில் குரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிடுகிறேன். அது 100 என்றால் 100-ஐ விடாமல் பிடிப்பதற்காக மேம்பாலத்துக்கு மேம்பாலம் பூஸ்டைக் கூப்பிடுகிறது. டயர் காற்றை மாதம் இருமுறை காலையில், டயர் சூடாகும் முன் பார்க்கிறேன். மற்றபடி 95-தான் என் வேகம். 95-ல் 64 கிலோமீட்டருக்கு 40 நிமிடம், 115-ல் 33 நிமிடம். அந்த 7 நிமிடத்துக்கு என் வண்டி கேட்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். போக ஒன்று, வர ஒன்று.

பழைய வண்டி 115-ல் 15.6 கொடுத்தது. புதியது 15.3. இந்த இரண்டு எண்களையும் நண்பனிடம் சொன்னேன். அவன் ஹைவேயில் 120-க்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. "உனக்கு வேண்டாம்டா. டர்போ இல்லாத 1.5-ஐ எடு" என்று சொல்லிவிட்டேன். "இவ்வளவு நேரம் புகழ்ந்தியேடா?" என்றான். ஆமாம், புகழ்ந்தேன். அதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் அவன் கேட்டதற்கு முந்தின நாள்தான் டேங்க் போட்டிருந்தேன். 95-ல் போன டேங்க், 16.9 வந்திருந்தது. மூன்றாவது கியரில் மறுபடியும் அந்த "உஸ்" கேட்கிற மாதிரி இருக்கிறது.

சனிக்கிழமை சர்வீஸுக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். ஓபிடி கருவி மறுபடி சாக்கெட்டில் ஏறிவிட்டது, 95-ல் எண் 80-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஜாப் கார்டில் முதல் வரியாக "இன்டர்கூலர் குழாய், எல்லா கிளாம்பும் கையால் தடவிப் பார்க்கவும்" என்று என் கையாலேயே எழுதப் போகிறேன். அந்த வயதான மெக்கானிக் சனிக்கிழமை வேலையில் இருப்பாரா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.