மந்திர ஒலிப்பெட்டி: கேட்க நன்று, உடன்சொல்லக் கடினம்

செல்வமும் காப்பும் வேண்டுவோருக்கான மந்திரங்களைப் பதிந்து, சுவரிலுள்ள மின்செருகியில் மாட்டி நாள் முழுதும் ஓடவிடும்படி விற்கப்படுகிற சிறு ஒலிப்பெட்டி ஒன்றைச் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரே அமைப்பில் பல பெயர்களில் இவை கிடைப்பதால், எந்த நிறுவனத்துடையது என்பதைவிட இத்தகைய பெட்டியில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே வாசகர்களுக்குப் பயன்படும்.

கருவியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும், மந்திரத்தை மாற்ற ஒரு பொத்தானும் உண்டு. மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்தை மறந்து முதல் பதிவுக்கே திரும்பிவிடுகிறது. ஒலிபெருக்கி சிறியது என்பதால் தம்புராவின் கீழ்ச்சுருதி தேய்ந்துபோனாலும், குரல் தெளிவாகவே கேட்கிறது.

பதிவுகளில்தான் தரம் ஏறி இறங்குகிறது. கனகதாரா ஸ்தோத்திரத்தை நிதானமாகப் பாடியிருக்கிறார்கள். துவாதசியன்று நெல்லிக்கனியைப் பிச்சையிட்ட ஏழைப் பெண்ணுக்காக ஆதிசங்கரர் திருமகளைப் பாடினார் என்று மரபு சொல்லும் இத்துதியின் முதல் பாடல், அடிக்குப் பதினான்கு அசையாக வரும் வசந்ததிலகம் என்னும் வடமொழி யாப்பில் அமைந்தது. பாடகர் அந்த நடையைக் குலைக்காமல் பாடியிருப்பதால் கேட்பவர் வாயும் தானாக முணுமுணுக்கிறது. துதிநூல் ஆகையால் இதை எந்த இராகத்தில் பாடினாலும் தவறில்லை. ஆனால் அதே உரிமையை ஸ்ரீசூக்தத்திலும் எடுத்துக்கொண்டிருப்பது சரியன்று. ரிக் வேதத்தின் கிலம் எனப்படும் பிற்சேர்க்கைப் பகுதியைச் சேர்ந்த அது உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்னும் ஏற்ற இறக்கங்களோடு ஓதப்பட வேண்டியது. அந்த ஸ்வரங்கள் அழிந்துபோகுமாறு மெட்டமைத்து, வயலினும் சேர்த்துப் பாடியிருப்பதைக் கேட்டு ஒருவர் பாடம் செய்தால், பின்னர் குருவிடம் போகும்போது முழுவதையும் மறந்துவிட்டுத் தொடங்க நேரும்.

இதைவிடப் பெரிய குறை, பெட்டி உடன்சொல்வதற்கு இடமே தராதது. வேதமும் பிரபந்தமும் கற்பிக்கும் சந்தை முறையில் ஆசிரியர் ஒருமுறை சொல்ல மாணவர் இருமுறை திருப்பிச் சொல்வர். இங்கோ அடிக்கும் அடிக்கும் இடையே மூச்சுவிடவும் நேரமில்லை. அஷ்டோத்திரத்தின் நூற்றெட்டு நாமங்களும் மடை திறந்த வெள்ளம்போல் ஓடி முடிகின்றன. குங்கும அர்ச்சனைக்கு இதை நம்பி அமர்ந்தால் கை பின்தங்கிவிடும்.

உடன் வரும் கையேடு தமிழ் எழுத்தில் உள்ளது என்பது நல்ல செய்தி. தமிழில் ஒரே எழுத்தால் எழுதப்படும் வடமொழியின் வர்க்க எழுத்துகளை (க, ச, ட, த, ப ஒவ்வொன்றின் நான்கு ஒலிகளை) வேறுபடுத்த மேலே 2, 3, 4 என்று எண்ணிடும் பழைய வழக்கத்தை அச்சிட்டவர்கள் கைவிட்டிருப்பது நல்ல செய்தி அன்று. அந்த எண்கள் இல்லாதபோது, 'கனகதாரா' என்பதன் மூன்றாம் எழுத்தை நம் வழக்கப்படி மெலித்தும், 'தா'வை அதற்குரிய மூச்சொலி (பிராணன்) இல்லாமலும் சொல்லிவிடுவோம்.

பெட்டிக்குள் ஓர் அட்டையும் இருக்கிறது. ஒரு மண்டலம் இடைவிடாமல் ஓடவிட்டால் கடன் தீரும், திருஷ்டி விலகும் என்கிறது அது. பதிவிலுள்ள நூல்களே இதற்கு இடம் கொடுக்கவில்லை. தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம், ஒரு நாளைக்கு முப்பத்தாறு உரு 'ஓதியே செபித்து' நீறணிபவருக்குத்தான் தன் பலனைச் சொல்கிறது; கனகதாராவின் நிறைவுப் பாடலும் நாள்தோறும் இத்துதிகளால் போற்றுபவர்களையே குறிப்பிடுகிறது. சொல்பவருக்கு வாக்களித்த பலனைச் சுவிட்சைப் போடுபவருக்கு மாற்றிக் கொடுக்க விற்பனையாளருக்கு யார் அதிகாரம் தந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அட்டையை எடுத்து அப்புறப்படுத்திவிட்டுப் பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கந்த சஷ்டி கவசம் நீங்கலாகத் தமிழ்ப் பாடல் ஒன்றும் இல்லாதது எனக்கு வியப்பாகவே உள்ளது. தந்தையின் வேள்விக்குப் பொருள் வேண்டித் திருவாவடுதுறையில் ஞானசம்பந்தர் பாடி, ஆயிரம் பொன் அடங்கிய கிழியைப் பெற்ற 'இடரினும் தளரினும்' பதிகத்தைவிடச் செல்வம் வேண்டுவோர்க்குப் பொருத்தமானது எது? நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்தபோது, மதுரைக்குப் புறப்படுமுன் ஞானசம்பந்தர் பாடிய கோளறு பதிகமும் இல்லை. பாம்பன் சுவாமிகள் 1891இல் இயற்றிய சண்முக கவசம், பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்வரிசையும் முறையே முதலெழுத்தாக வரும் முப்பது பாடல்களைக் கொண்டது; மனப்பாடம் செய்ய அதைவிட எளிய அமைப்பைக் காண்பது அரிது. அதற்கும் இடமில்லை.

கண்பார்வை மங்கி நூல் படிக்க இயலாத முதியவர்களுக்கு இப்பெட்டியைத் தயங்காமல் வாங்கித் தரலாம். காலையில் ஒருமுறை முழுவதும் கேட்பதற்கு இது போதும். பாராயணம் கற்க விரும்புபவர்களோ, கனகதாராவையும் கந்த சஷ்டி கவசத்தையும் மட்டும் இதில் கேட்டுக்கொண்டு, ஸ்ரீசூக்தத்தை அறிந்தவரிடம் நேரில் பாடம் கேட்பது நல்லது. வாங்குமுன் கடையிலேயே செருகிப் பார்த்து, அடிகளுக்கு இடையே திருப்பிச் சொல்ல நேரம் விடும் பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் விலை சற்றுக் கூடுதலானாலும் அதையே வாங்கலாம்.