சாட்டா, ஐடிஇ இரண்டுக்கும் பொருந்தும் யூஎஸ்பி அடாப்டர்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கணினி ஆன் ஆகாவிட்டால் ஃபைல்களும் போய்விட்டதாக நினைத்துப் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முடங்கிக் கிடக்கும் பழைய கணினிகளைத் திறந்தால் அடிக்கடி கண்ணில் படுவது இடி மின்னலில் போன பவர் சப்ளை, உப்பிய கெப்பாசிட்டர், ஈரக் காற்றில் களிம்பேறிய ரேம். இவற்றில் எதுவும் ஹார்ட் டிஸ்க் அல்ல. டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ (பழைய வகை), சாட்டா (பிந்தைய வகை) என்ற இரு டிஸ்க் இணைப்புகளையும் யூஎஸ்பியாக மாற்றும் அடாப்டர் வழியாக வேறு கணினியில் மாட்டினால் கோயில் கணக்கும் கல்யாணப் படங்களும் அப்படியே கிடைக்க வாய்ப்பு அதிகம். கணினியைப் பழுதுபார்ப்பது அதற்கப்புறம்.

தனிப் பவர் அடாப்டர் உள்ளதையே வாங்குங்கள். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். யூஎஸ்பி தருவது 5 வோல்ட்தான். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க் யூஎஸ்பியிலேயே ஓடும். ஆனால் சுழலத் தொடங்கும் நொடியில் சில டிஸ்க்குகள் 1 ஆம்பியர் வரை கேட்கும். யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு விதிப்படி 500 மில்லி ஆம்பியர், 3.0-க்கு 900. பற்றாக்குறையில் டிஸ்க் கிளிக் என்று நின்று நின்று சுழலும். பலர் இதைப் பார்த்துத்தான் நல்ல டிஸ்க்கைச் செத்துவிட்டது என்கிறார்கள்.

ஐடிஇ டிஸ்க்கின் பின்புறமுள்ள ஜம்பரை (பின்களில் செருகும் சின்னத் துண்டு) மாஸ்டர் என்ற இடத்தில் வையுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் தனியாக இருந்தால் ஜம்பரையே எடுத்துவிட வேண்டும். பின்களில் ஒன்று வளைந்தாலும் கணினியில் டிஸ்க் தெரியாமல் போகலாம், ஆகவே நேராகப் பிடித்து அழுத்துங்கள். டிஸ்க்கை உலோகத் தகட்டின்மேல் வைக்காதீர்கள், அடியிலுள்ள சர்க்கியூட் ஷார்ட் ஆகும். சுழலும்போது நகர்த்தவும் கூடாது.

விண்டோஸ் “ஃபார்மட் செய்யவா?” என்று கேட்டால் கேன்சல். விண்டோஸின் டிஸ்க் பழுதுநீக்கியான செக்டிஸ்க்கை ஓட்டவே ஓட்டாதீர்கள்; பிழை திருத்தும்போது அது டிஸ்க்கில் எழுதும், எழுதினால் மீட்கக்கூடியதும் அழியலாம். விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை யூஎஸ்பியிலிருந்தே (லைவ் யூஎஸ்பி) பூட் செய்து, டிஸ்க்கை ரீட் ஒன்லியாக, அதாவது எதுவும் எழுத முடியாதபடி, மவுன்ட் செய்வது எங்கள் முதல் தேர்வு. விண்டோஸ் எக்ஸ்பியின் ஃபோல்டர் அனுமதித் தொல்லையும் அங்கே இல்லை. ஐடிஇ வழியில் நொடிக்கு 30 மெகாபைட் கிடைத்தால் 80 ஜிபி டிஸ்க் முக்கால் மணி நேரத்தில் முடியும். வேகம் திடீரென்று விழுந்தால் ஃபைல் ஃபைலாக இழுக்காமல் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் கொண்டு டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாக (இமேஜ்) நகலெடுங்கள். அது நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட செக்டர்களுக்குப் பிறகு திரும்பும். எதுவரை எடுத்தது என்று குறிக்கும் மேப் ஃபைல் வைத்திருந்தால் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இமேஜ் வைக்கும் டிஸ்க் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபியோடு நின்றுவிடும்.

போதிய மின்சாரம் கொடுத்தும் சீராகத் தட்டும் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஓட ஓடத் தட்டில் கீறல் விழும். ஃப்ரிட்ஜில் வைக்கும் வைத்தியம் வேண்டாம், உள்ளே ஈரம் கோக்கும்.

நம் ஆட்களின் கணினிகளில் பெரும்பாலோர் தவறவிடும் ஒன்று: பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர். தமிழ்ப்பள்ளி இதழ், கோயில் அழைப்பிதழ், சங்கத் தீர்மானம் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் மலேசியாவில் பரவலாக இருந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டதாக எண்ணி அழித்துவிடாதீர்கள். அந்த எழுத்துருக்களை நகலெடுத்து நிறுவினாலே தமிழ் வந்துவிடும். பிறகு எந்தக் குறியாக்கம் என்று பார்த்து, டிஸ்கி (TSCII, யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கம்) என்றால் டிஸ்கி மாற்றியால், யூனிகோடாக்கலாம். மூல ஃபைலை மட்டும் மாற்றாமல் வையுங்கள்.

அடாப்டரில் முதலில் தேய்வது பவர் பிரிக், அதாவது அந்தத் தனிப் பவர் அடாப்டர். 12 வோல்ட் தளர்ந்தால் டிஸ்க் சுழன்று, நின்று, மறுபடி சுழலும். வேறு பிரிக் மாற்றிப் பார்த்த பிறகே டிஸ்க்கைக் குறை சொல்லுங்கள். கூடவே வரும் இரண்டு முள் பிளக்கை நம் மூன்று முள் சாக்கெட்டில் குத்தித் திணிக்காமல் ஒழுங்கான மாற்றுப் பிளக் போடுங்கள்.

புதிய லேப்டாப்களில் வரும் சின்னப் பட்டை வடிவ எம்.2 எஸ்எஸ்டிக்கு இந்த அடாப்டர் உதவாது, அதற்குத் தனி உறை வாங்க வேண்டும். விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டிய டிஸ்க்கானால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடிவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கலாம்.